காற்றுக்கு விட்ட கிரேன்

மூன்றாவது பேருந்தையும் போகவிட்டுவிட்டார் மேலக்கா. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

"என்னக்கா, இன்னும் ஆடலையா?"

"ஆடல. நீ கிளம்பு தம்பி, உள்ள இருக்கிறவங்க என்னைத் திட்டப் போறாங்க."

"ஏற்கெனவே திட்டிட்டுத்தான் இருக்காங்க," என்றார் ஓட்டுநர். கதவு சாத்திக்கொண்டது.

நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஏறிப் போய்விட்டார்கள். தோளில் பையும் கழுத்தில் வியர்வைத் துண்டுமாக மேலக்கா மட்டும் நின்றார். அண்ணாந்த முகம், சுருக்கிய கண்கள். சாலைக்கு அந்தப் பக்கம், கட்டி முடியாத பதினாறு மாடிக்கும் மேலே, மஞ்சள் கோபுரக் கிரேன் ஒன்று தன் நீண்ட கையை வானத்தில் நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. கையின் நுனிக்கும், அதற்குப் பின்னால் தெரிந்த செல்போன் கோபுரத்துக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் இடைவெளி. ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, விரல்களை வைத்து அளந்தார். அதே இரண்டு விரல்தான்.

அந்த இடைவெளி கூட வேண்டும், இல்லை குறைய வேண்டும். அப்போதுதான் அவர் பேருந்தில் ஏறுவார். கிரேன் ஓட்டத் தொடங்கிய இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். கட்டடங்கள் மாறின, நிறுத்தங்கள் மாறின. வீட்டுக்குப் போகுமுன் ஒருமுறை கிரேன் தானாக அசைவதைக் கண்ணால் பார்க்காமல் அவருக்குக் கால் நகராது.

பூட்டிவிட்டுப் போவதுதான் பத்திரம் என்று நமக்கெல்லாம் பழக்கம். வீட்டைப் பூட்டுகிறோம், வண்டியைப் பூட்டுகிறோம், பூட்டினோமா என்று பத்தடி போய்த் திரும்பி வந்து இழுத்தும் பார்க்கிறோம். கோபுரக் கிரேனை மட்டும் சாயங்காலம் அவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். அதைத் திருப்புகிற மோட்டார் மேல் ஒரு பிரேக் இருக்கிறது. அதன் நெம்புகோலை இழுத்து, திரும்ப எழாதபடி ஓர் இரும்பு முள்ளைச் சொருகிவிட்டால் கிரேன் காற்றின் வசமாகிவிடும். ராத்திரி எந்தத் திசையில் அடித்தாலும், தானே சுழன்று, காற்று போகிற பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அவிழ்க்க மறந்தால் அது நகராது. பக்கவாட்டில் வருகிற காற்றுக்கு ஐம்பது மீட்டர் கை ஒரு ராட்சசக் கதவு. அந்தத் தள்ளு முழுவதும் கிரேனைத் தாங்கி நிற்கிற தண்டின் மேல் வந்து விழும். கிரேன் சாய்வது பெரும்பாலும் இப்படித்தான்.

"புடிச்சு வச்சா விழும், விட்டா நிக்கும்," என்பார் மேலக்கா. "எங்க வீட்டுக்காரரும் அதே ரகம்."

சங்கடம் என்னவென்றால், காற்றில்லாத மாலையில் அவிழ்த்த கிரேனும் அவிழ்க்காத கிரேனும் கீழேயிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நெம்புகோல் பக்கத்தில் எரிய வேண்டிய பச்சை விளக்கு நான்கு மாதமாக எரியவில்லை. மெக்கானிக் வருகிறார், பார்க்கிறார், "ஆர்டர் போட்டிருக்கு" என்கிறார். ஆகவே காற்றுதான் வந்து சாட்சி சொல்ல வேண்டும். பாதி வழியில் அடுப்பு ஞாபகம் வந்து திரும்பி ஓடுகிறவர்களுக்கு மேலக்காவின் மனசு புரியும். அவருடைய அடுப்பு தரையிலிருந்து அறுபத்தைந்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வயது ஐம்பத்தொன்று. ஒல்லி உடம்பு, முழங்காலில் மட்டும் பஞ்சு வைத்துத் தைத்த இரண்டு உறைகள். தைத்துக் கொடுத்தவர் கணவர், தையல்காரர். கடையில் மிச்சமாகும் லைனிங் துணியை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து வாரம் ஒரு நாடா கொடுத்துவிடுவார். அதைத் தன் கூண்டின் சன்னல் கம்பியில் முடிந்துவிட்டுத்தான் மேலக்கா வேலையைத் தொடங்குவார். தலைக்கு மேலே காற்றின் வேகத்தை அளக்கிற கருவி சுற்றிக்கொண்டிருக்கிறது, எண் திரையில் தெரிகிறது. அதையும் பார்ப்பார். ஆனால் முதலில் நாடாவைப் பார்ப்பார்.

"மெஷின் எவ்வளவுன்னு சொல்லும். யாருன்னு சொல்லாது."

யார் என்பது அவருக்கு முக்கியம். விடியலில் ஊர்ப்பக்கமிருந்து கடலைப் பார்த்து மெல்லப் போகிற குளிர்ந்த காற்றுக்கு அவர் வைத்த பெயர் 'ராத்திரிக்காரி'. ராத்திரி வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவளாம். எட்டு மணிக்கு அவள் போனதும் நாடா தொங்கிவிடும். வெயில் ஏறத் தொடங்கும். தார்ச்சாலையும் தகரக் கூரையும் காய்ந்து, அவற்றின் மேலிருக்கிற காற்று சூடாகி எழும்பும். கழுகுகள் அதில் வந்து ஏறிக்கொண்டு வட்டம் போடும். "றெக்கையை ஒரு தடவை ஆட்ட மாட்டான் பாருங்க, சோம்பேறி. லிஃப்ட்ல போறான்." எழும்பிப் போன காற்றின் இடத்தில் கடல்பக்கத்திலிருந்து இன்னொரு காற்று வந்து உட்காரும். அது வருகிற நேரத்தை வைத்து அதற்குப் 'பத்தேமுக்கால்' என்று பெயர். ரயிலைச் சொல்வதுபோலச் சொல்வார்: "பத்தேமுக்கால் இன்னைக்கு லேட்டு." இரண்டு உயரக் கட்டடங்களின் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு, திறந்த வெளியில் இல்லாத வேகத்தோடு பாய்கிறவன் 'சந்துப்பையன்'. அவன் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. பலகை தூக்கும்போது அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

காற்று என்றால் என்ன என்று ஒருநாள் கொடிக்காரர் கேட்டார். கொடிக்காரர் என்பவர் கீழேயிருந்து மேலக்காவுக்குச் சைகை சொல்பவர். கொடி போய் வாக்கிடாக்கி வந்து வெகுகாலமாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மேலக்கா சொன்ன பதில்:

"பஸ்ல ஒருத்தர் எந்திரிச்சா பக்கத்துல நிக்கிறவர் உக்காருறாரு இல்ல, அதாண்ணே. எங்கேயோ ஒருத்தர் எந்திரிச்சிருக்காரு, அதான் இங்கே உன் சட்டை ஆடுது."

"அப்ப மழை?"

"எந்திரிச்சு மேல போனவரு சும்மாவா போறாரு? ஈரத்தைத் தூக்கிட்டுப் போறாரு. மேல குளிரு. ஈரம் துளியாவுது. கனம் தாங்காம கீழ போட்டுடறாரு."

"இவ்வளவு தெரிஞ்ச ஆளு நீ, நேத்து என் தலையில ஏன் மழை பெய்ய விட்டே?"

"உன் தலையைப் பாத்து எவ்வளவு நாளாச்சுண்ணே. எனக்குத் தெரியறது தொப்பிதான்."

அது உண்மை. நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் இந்த இரண்டு பேரும் வேலை நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மேலக்காவுக்கு அவர் ஒரு பச்சைத் தொப்பி. அவருக்கு மேலக்கா ஒரு குரல். சாயங்காலம் கிரேனை மூடும்போது இரண்டே சொல்லோடு அன்றைய பேச்சு முடியும். மேலிருந்து "விட்டாச்சு" என்று வரும். கீழேயிருந்து "இறங்கு" என்று போகும்.

காலை பதினொன்றுக்குக் கணவரின் அழைப்பு வரும். தளத்தில் எல்லாருக்கும் அது தேநீர் நேரம், அவருக்குத் தொலைபேசி நேரம். கேள்வி ஒன்றுதான்: "துணி காயப்போடலாமா?" அது ஒரு வீட்டின் கேள்வி மட்டும் இல்லை. தையல் கடை வாசலில் தெருப் பெண்கள் நாலைந்து பேர் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். "மூணு மணிக்குள்ள எடுத்துடச் சொல்லுங்க," என்று மேலக்கா சொன்னால் தெரு முழுக்க மூன்று மணிக்குள் கொடிகள் காலியாகிவிடும். ஒரே ஒருமுறை கணக்குத் தப்பியது. எதிர்வீட்டு அத்தையின் பஞ்சு மெத்தை நனைந்து, காயப் பத்து நாளாயிற்று. அத்தை இன்றுவரை தையல்காரரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மேலக்காவுக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. அவர் கூண்டிலிருந்து பார்த்தால் நகரத்தில் இன்னும் எட்டுக் கிரேன்கள் தெரியும். ஊர்ப்பக்கம் நாலு, கடல்பக்கம் நாலு. பகல் முழுவதும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் திரும்பும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. ஆறு மணிக்குமேல் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்படும். கொஞ்ச நேரத்தில் ஒன்பதும் ஒரே பக்கம் கை நீட்டிக்கொண்டு நிற்கும். எட்டுப் பேர் முகத்தையும் அவர் பார்த்ததில்லை. "யாரும் யாருக்கும் சொல்லல. சொல்றதுக்கு ஒருத்தர் மேல போய்ட்டிருக்காரு," என்று அதைப் பற்றி ஒருமுறை சொன்னார். அப்போது குரல் இறங்கியிருந்தது. வேடிக்கைப் பேச்சு அவரிடம் ஓய்வதே அந்த ஓர் இடத்தில்தான்.

மூன்று பேருந்தைப் போகவிட்ட அன்றைக்குப் பத்தேமுக்கால் வரவே இல்லை. பன்னிரண்டு ஆயிற்று, இரண்டு ஆயிற்று, நாடா செத்த பல்லி மாதிரி தொங்கியது. சிமென்டுத் தூசி பறக்காமல் எழும்பிய இடத்திலேயே இறங்கியது. ஊர்ப்பக்கம், தொலைவில், மேகம் ஒன்று எழுந்தது. மேலக்கா பலகைகளைத் தூக்கி வைத்தபடியே ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலிஃபிளவர் பூ விரிவதுபோல அது தன்னுள்ளிருந்தே பிதுங்கிப் பிதுங்கி உயர்ந்தது. நாலரைக்கு அதன் தலை எதிலோ முட்டினாற்போலத் தட்டையாகப் பரவியது.

"அண்ணே, ஊர்க்காத்தை மொத்தமா அது உள்ள இழுத்துக்குது. அதான் நமக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

"இழுத்தா?"

"இழுத்ததை விடாம இருக்குமா?"

ஐந்து மணிக்கு இடி எச்சரிக்கை வந்தது. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மேலக்கா வழக்கப்படி மூடத் தொடங்கினார். கொக்கியில் சுமை இல்லை. கொக்கியை உச்சி வரை ஏற்றியாயிற்று. அதைச் சுமக்கிற வண்டியைக் கையின் அடிப்பக்கம் இழுத்துக்கொண்டாயிற்று. மின்சாரம் அணைத்தாயிற்று. கூண்டைவிட்டு வெளியே வந்து நெம்புகோல் பக்கம் திரும்பும்போது கைப்பேசி அடித்தது.

"சாவி எங்க வச்சே?" என்றார் கணவர்.

"உங்க சாவியை நீங்கதான எடுத்துட்டுப் போனீங்க?"

"அது உள்ள இருக்கு. நான் வெளிய இருக்கேன்."

"எதிர்வீட்டு அத்தைகிட்ட ஒண்ணு குடுத்து வச்சிருக்கேன். போய்க் கேளுங்க."

"வேற வழி இல்லையா?"

"என்னங்க, ஒரு மெத்தைக்கு இப்படிப் பயப்படுவாங்களா?"

"நனைஞ்சது உன் பேச்சைக் கேட்டு. வாங்கிக் கட்டிக்கிறது நானு. நீ வர்ற வரைக்கும் நான் படியிலேயே உக்காந்துக்கறேன்."

மேலக்கா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கைப்பேசியைப் பைக்குள் போட்டார், வாக்கிடாக்கியை எடுத்து "விட்டாச்சு" என்றார், "இறங்கு" என்று பதில் வந்தது, இறங்கினார். அடியில் குழாயில் கை கழுவினார். சாலையைக் கடந்து நிறுத்தத்துக்கு வந்தார். முதல் பேருந்து வந்தபோதும் அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிற மனிதரை நினைத்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மூன்றாவது பேருந்து போனபோது சிரிப்பு இல்லை.

நெம்புகோலை இழுத்தேனா? இழுத்தது ஞாபகம் இருந்தது. இடது உள்ளங்கையில் அதன் சூடு, முள் துளைக்குள் இறங்கும்போது வருகிற சின்னச் சத்தம், எல்லாம். ஆனால் அது இன்றைய ஞாபகமா, நேற்றையதா? இருபத்திரண்டு வருஷத்து மாலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, உரித்தெடுக்க வரவில்லை. நெம்புகோலைத் தொட்டால் கையில் கிரீஸ் ஒட்டும். கையை விரித்துப் பார்த்தார். கழுவின கை. அது ஒன்றும் சொல்லவில்லை.

இலை அசையவில்லை. நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையின் துணிக்கூரை தொங்கியது. தொலைவில் இடி, பெரிய சாமானை யாரோ மாடியில் இழுப்பதுபோல உருண்டது. கிரேனின் கை வானத்தை வெட்டிக்கொண்டு குறுக்காக நின்றது. மேகம் இருக்கிற பக்கத்துக்கு அது நேர்ப்பக்கவாட்டில். அதன் அடியில் வேலைக்காரர்களின் தகரக் கொட்டகைகள் இருபது. ஐந்தரை மணி. எல்லாரும் வேலை முடிந்து வந்து குளித்துக்கொண்டிருக்கிற நேரம்.

நாலாவது பேருந்துக்காக அவர் காத்திருக்கவில்லை.

கொடிக்காரர் கொட்டகை வாசலில் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். தொப்பி இல்லாத தலையைப் பார்த்ததும் ஒரு கணம் மேலக்காவுக்கு ஆள் தெரியவில்லை.

"அண்ணே, ஏணிக் கதவுச் சாவி குடு."

அவர் சட்டையைப் பிழிந்தார். "ஆரம்பிச்சுட்டியா?"

"எனக்கு ஞாபகம் இல்லண்ணே."

"எனக்கு இருக்கு. விட்டாச்சுன்னு சொன்னே. இந்தக் காதால கேட்டேன்."

"வாய் சொல்லுச்சு. கை செஞ்சுதா?"

இதற்கு முன் மூன்று முறை மேலக்கா இப்படித் திரும்பி வந்து ஏறியிருக்கிறார். மூன்று முறையும் நெம்புகோல் சரியாகவே இழுக்கப்பட்டிருந்தது. மூன்றாம் முறை தள மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: மூடின கிரேனில் தனியாக ஏறக் கூடாது என்பது விதி, இன்னொரு தடவை ஏறினால் அந்த இருக்கையில் வேறு ஆள் உட்காருவார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. இடி முழங்குகிற நேரத்தில் இரும்புத் தண்டில் ஏற யாரை அனுமதிப்பார்கள்?

"மூணு தடவையும் விட்டுத்தானே இருந்துச்சு," என்றார் கொடிக்காரர். "நாலாவதும் இருக்கும். உனக்கு வேலை போவும், அவ்வளவுதான் மிச்சம்."

"சரி. இல்லேன்னா?"

அவர் தன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே அவர் மனைவி அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து நீட்டினார். கூடவே வாக்கிடாக்கியையும்.

"எவ்வளவு நேரம் இருக்கு?"

மேலக்கா மேகத்தைப் பார்த்தார். "மழைக்கு அரை மணி இருக்கு. அதுக்கு முன்னாடி காத்து வரும். பெய்யற மழை பக்கத்துல இருக்கிற காத்தையும் குளிரவச்சுக் கீழ தள்ளுது. அது தரையில மோதி நாலு பக்கமும் ஓடுது. அது எப்ப வரும்னு சொல்ல முடியாது. எல்லாரையும் எதிர்ப்பக்கம் கிளப்புண்ணே. திட்டினா என் பேரைச் சொல்லு."

"உன் பேரைச் சொன்னா இன்னும் திட்டுவாங்க," என்றபடி அவர் கொட்டகைகளைப் பார்த்து நடந்தார்.

ஏணி தண்டின் உள்ளேயே போகிறது. பதினோரு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கலாம். காலையில் பன்னிரண்டு நிமிஷத்தில் ஏறுவார். அப்போது முழங்கால் புதிது. இப்போது நாள் முழுக்க உட்கார்ந்த முழங்கால். இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டு, ஏறு, கழற்று, மாட்டு. தட்டுகளை மட்டும் எண்ணினார். மூன்றில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஐந்தில் கொட்டகைப் பக்கமிருந்து யாரோ உரக்கத் திட்டுவது கேட்டது, திட்டுகிறவர்கள் நகர்ந்துகொண்டிருப்பதும் கேட்டது. ஆறில் கட்டடத்தின் நிழல் முடிந்து வானம் திறந்தது.

ஏழாவது தட்டில், தண்டின் கம்பிகளுக்கு நடுவே, அதைப் பார்த்தார்.

ஊர்ப்பக்கத்து நாலு கிரேன்களில் கடைசியாக இருப்பது, ரயில் பட்டறைக்கு அருகில், நெருப்புக்குச்சி அளவுக்குத் தெரிவது. அது திரும்பிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், தூக்கத்தில் புரண்டு படுப்பவர்போல. திரும்பித் திரும்பி அதன் கை நீளத்தை இழந்து குட்டையாகி, கடைசியில் ஒரு புள்ளியாயிற்று. மேலக்காவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அது அவரை நேராகக் காட்டிக்கொண்டு நின்றது.

காற்றை அவர் இருபத்திரண்டு வருஷம் நாடாவில் பார்த்திருக்கிறார், புகையில், தூசியில், கழுகின் சிறகில் பார்த்திருக்கிறார். அது ஊரின் மேல் நடந்து வருவதைப் பார்த்ததில்லை. இங்கே ஒரு மூச்சுக் காற்று இல்லை. உதட்டு வியர்வை காயவில்லை. அங்கே, நாலு கிலோமீட்டர் தள்ளி, எத்தனையோ டன் இரும்பைக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கால்கள் ஏறின. எட்டாவது தட்டில் இரண்டாவது கிரேன் திரும்பத் தொடங்கியது. அதன் அடியில் கூரைகளுக்கு மேல் செம்மண் நிறத்தில் ஒரு கோடு எழுந்து முன்னேறியது. கோட்டுக்குப் பின்னால் ஊர் மங்கியது, முன்னால் வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது. ஒன்பதில் மூன்றாவது. ஒவ்வொன்றும் திரும்பி முடிந்ததும் அவர் பக்கமே கை நீட்டியது. 'அடுத்தது நீ' என்று வரிசையில் முன்னால் நிற்பவரைத் தொட்டுச் சொல்வதுபோல.

பத்து. பதினொன்று. தலைக்கு மேலிருந்த கதவைத் தோளால் தள்ளித் திறந்து மேடையில் ஏறினார்.

நெம்புகோல் நேராக நின்றது. முள் அதன் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது, துளைக்கு வெளியே, காலையில் எடுத்துவிட்டபடியே.

அவர் அதைப் பார்த்தார். திட்டவும் இல்லை, கும்பிடவும் இல்லை. வாய் சொன்னதைக் கை செய்யவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, கால்களை அகட்டி, உடம்பின் எடை முழுவதையும் போட்டு இழுத்தார். அது இறங்கியது. முள்ளைச் சொருகினார். சின்னச் சத்தம் கேட்டது. இது இன்றைய சத்தம்.

கிரேன் அசையவில்லை. அசைக்க ஒன்றும் இன்னும் வந்து சேரவில்லை.

இறங்க நேரமில்லை. காற்று அடிக்கும்போது ஏணியில் தொங்குவதைவிடக் கூண்டுக்குள் இருப்பது மேல். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தன் இருக்கையில் உட்கார்ந்தார்.

வாக்கிடாக்கி கரகரத்தது. கொடிக்காரர் தன் ஆட்களில் ஒருவருடையதை வாங்கியிருக்க வேண்டும். "தங்கச்சி. எல்லாரும் நீ சொன்ன பக்கம் வந்துட்டோம். விட்டிருந்துச்சா?"

"இல்லண்ணே."

அவருக்குப் பின்னால் ஒரு பெண் யாரையோ பெயர் சொல்லி அருகில் கூப்பிடுவது கேட்டது.

"மேலாளர் கேட்டா என்ன சொல்ல?"

"நடந்ததைச் சொல்லு. விடாம இறங்கினதையும் சேத்துச் சொல்லு."

நாலாவது கிரேன், மிக அருகில் இருப்பது, திரும்பத் தொடங்கியது. அதன் கூண்டுச் சன்னலில் கடைசி வெயில் ஒருமுறை பளிச்சென்று பட்டு அணைந்தது. பிறகு மேலக்காவின் சன்னல் கம்பியில் தொங்கிய நாடா, நாள் முழுவதும் செத்துக் கிடந்தது, நுனியை மட்டும் உயர்த்தியது. இன்னும் கொஞ்சம். படுத்துவிட்டது. பிறகு ஒரேயடியாக நிமிர்ந்து கம்பிபோல விறைத்தது.

குளிர்தான் முதலில் வந்தது. சன்னல் இடுக்கு வழியாக, ஈரமண் வாசனையோடு, நனைந்த துணியை முகத்தில் போட்டதுபோல. அதன் பின்னால் சத்தம். தண்டின் ஆயிரம் கம்பிகளும் ஆளுக்கொரு சுரத்தில் முனகின. காலடியில் இரும்பு நடுங்கியது. ஒரு கணம், அந்த ஒரு கணத்தில்தான் அவருக்குப் பயமாக இருந்தது, கிரேன் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிறகு கூண்டுக்கு அடியில் கிரேனைச் சுழற்றுகிற பெரிய வளையத்தில் கனமான கதவு திறப்பதுபோல ஓர் ஓசை. சன்னலில் ஊர் நகரத் தொடங்கியது.

இந்தச் சன்னலில் ஊரை நகர்த்துவது அவர் வேலை. இடது கையால் ஒரு நாளைக்கு இருநூறு தடவை நகர்த்துகிறார். இப்போது அது அவரைக் கேட்காமல் நகர்ந்தது. செல்போன் கோபுரம் கையின் நுனியைத் தாண்டிப் போனது. இரண்டு விரல், பத்து விரல், பிறகு விரலால் அளக்க முடியாத தூரம். ரயில் பட்டறை, பள்ளிக்கூட மைதானம், பேருந்து நிறுத்தம், அதில் யாரும் இல்லை. அவர் கூண்டுக்குள் பொட்டலம்போல உட்கார்ந்திருந்தார். மேகம் முதுகுப் பக்கம் போயிற்று. எதிரே கடல் வந்தது. அங்கே கை நின்றது, லேசாக இப்படியும் அப்படியும் ஆடி, தன் இடத்தைக் கண்டுகொண்டது. சாய்ந்திருந்த தண்டு நிமிர்ந்தது. முனகல் தாழ்ந்து ஒரே சுரமாயிற்று.

கை நீட்டிய பக்கத்தில் கடல்பக்கத்து நாலு கிரேன்கள் இன்னும் வெயிலில் சும்மா நின்றன. அவற்றுக்கு இன்னும் சேதி போகவில்லை. மேலக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவரைத் தாண்டிப் போன காற்று முதலாவதைத் தொட்டது. அது திரும்பியது.

"தங்கச்சி," என்றது வாக்கிடாக்கி. குரலில் காற்றும் கலந்து வந்தது. "ஆடுது. கீழேயிருந்து தெரியுது. ஆடுதும்மா."

"விட்டாச்சுண்ணே," என்றார் மேலக்கா.

"இரு. அங்கேயே இரு. இறங்காதே."

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். மின்சாரம் இல்லாத, ஒன்றுக்கும் உதவாத இரண்டு கைப்பிடிகளையும் தன் கைகள் எப்போதோ போய் இறுகப் பற்றியிருந்தன. முதல் மழைத்துளிகள் பின்கண்ணாடியில் சரளைக்கல்லாக விழுந்தன. தூரத்தில் கடல்பக்கத்து இரண்டாவது கிரேன் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் முதலில் இடது கையை எடுத்தார், பிறகு வலது கையை எடுத்தார். கிரீஸ் பட்ட உள்ளங்கைகள் இரண்டையும் மேல்நோக்கித் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்.